சாமி பீஸ்

அறந்தாங்கி தாண்டிப் புதுக்கோட்டை போகிற ரோட்டில், தைல மரங்களுக்கு நடுவே இருக்கிறது அந்தக் கம்பெனி. அங்கே குடிக்கிற தண்ணீர்க் கேனைக்கூட வெளி வராந்தாவில்தான் வைத்திருப்பார்கள். உள்ளே உருகுவது மெக்னீசியம். தண்ணீர் பட்டால் அது அணையாது, சீறிக்கொண்டு இன்னும் எரியும். அதனால் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பது, சந்தனம் குழைப்பது, கற்பூரம் காட்டுவது எல்லாமே கேட்டுக்கு வெளியே முடிந்துவிடும். மிஷினுக்கு மாலை மட்டும்தான்.

மாலை போட்ட பிறகு ஒரே ஒரு ஷாட் அடிப்பார்கள். உருகிய உலோகம் அச்சுக்குள் பாய்ந்து, அச்சு திறந்து, பளபளவென்று ஒரு பீஸ் விழும். அதை வெளியே எடுத்து வந்து சந்தனமும் குங்குமமும் வைத்து, ஆபீஸில் இருக்கும் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார்கள். அதற்குச் சாமி பீஸ் என்று பெயர். ஒரு வருஷம் அங்கேயே இருக்கும். அடுத்த பூஜைக்குப் புதுசு வந்ததும் பழசை என்ன செய்வது? மற்ற கழிவைப் போலத் திரும்ப உலையில் போட்டு உருக்க யாருக்கும் மனசு வராது. எல்லார் பேரையும் சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். யார் பேர் வருகிறதோ அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். பெரும்பாலும் அது அவர்கள் வீட்டுச் சாமி மாடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

போன பூஜைக்குச் சீட்டு பரிமளாவுக்கு விழுந்தது. அவள் அப்போது பேக்கிங்கில் இருந்தாள். மிஷின் ஓட்டுகிற முனியசாமியண்ணன், "யோகக்காரி, போ" என்று சொல்லி, பீஸை அவள் கையில் வைத்தார். மின்சார மொபெட்டில் ஹேண்டில்பாரை முன் தண்டோடு சேர்த்து இறுக்குகிற பிடி அது. உள்ளங்கை அளவு. இரும்பு என்று நினைத்துத் தூக்குகிற கை, கனம் இல்லாமல் ஏமாந்து மேலே போய்விடும். அவ்வளவு லேசு.

அந்த வருஷம் பரிமளாவுக்கு யோகம் என்று சொல்ல எதுவுமே இல்லை. அவளுடைய அக்கா அமிர்தவல்லி செத்து நாலைந்து மாசம்தான் ஆகியிருந்தது. அக்காவும் மச்சான் ஆத்மநாதனும் பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வளைவில் வண்டி சறுக்கியது. மச்சானுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னாடி உட்கார்ந்திருந்த அக்கா எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மச்சான் எந்த வண்டியையும் தொடவில்லை. அவருக்குத் தொழில் மீன். விடியற்காலையில் கோட்டைப்பட்டினம் போய்ப் படகு வந்ததும் மீன் எடுத்து, ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர்களில் விற்பவர். வண்டி இல்லாமல் அதைச் செய்ய முடியாது. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பரிமளாவின் அப்பா அறந்தாங்கியில் பழைய மின்சார மொபெட் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். கீழே விழுந்த வண்டி. ஹேண்டில் பிடி உடைந்திருந்தது. புதுப் பிடி வர நாளாகும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"நம்ம வீட்டுலதான் சாமியே குடுத்தது இருக்கே" என்றாள் பரிமளாவின் ஆத்தா.

பார்த்தால் அதே பிடி. அளவும் அச்சு அசலாக அதேதான். மாடத்தில் இருந்ததை எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்தார்கள். குங்குமத்தைத் துடைக்காமலேயே மாட்டச் சொன்னாள் ஆத்தா.

மறுநாள் காலையில் மச்சான் தானாகவே வண்டியை எடுத்தார். ஆத்தா கும்பிட்டபடி தெருவில் நின்றாள். பரிமளாவும் நின்றாள். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அவர் உடனே கிளம்பவில்லை. யாரோ ஏறுவதற்காகக் காத்திருக்கிறவர் மாதிரி, தலையை லேசாகத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு போனார்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். மீன் பெட்டியைப் பின் சீட்டில் கட்டாமல் முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்து, ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, காலை அகட்டிக்கொண்டு ஓட்டினார். "பின்னாடி எடம் சும்மா கெடக்கு, முன்னாடி எதுக்குப்பா பெட்டி? தவளை மாதிரி போற" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொள்வார். வேகத்தடை வரும்போது மெதுவாக எதையோ சொல்வார். என்ன சொல்கிறார் என்று ஊருக்கே தெரியும். "பிடிச்சுக்க." ஊர் முதலில் பயந்தது, பிறகு பழகிக்கொண்டது. மனுஷன் எழுந்து தொழிலுக்குப் போகிறானே, அது போதாதா?

ஒரு தடவை மழைக்கு ஒதுங்கி நின்ற பரிமளாவை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவள் பின் சீட்டில் உட்காரப் போனாள். "அங்கிட்டு வேணாம்" என்று சொல்லி, பெட்டியைக் கையில் கொடுத்து முன்னால் நெருக்கி நிற்க வைத்தார். பச்சைப் பிள்ளையை நிறுத்துவது மாதிரி. வீடு வரும்வரை அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மழை பெய்த அத்தனை நேரமும் அந்தச் சீட்டில் தண்ணீர் தேங்கவே இல்லை என்று, இறங்கினபோதுதான் தோன்றியது. சரிவான சீட்டில் தண்ணீர் எப்படித் தேங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாசி மாசம் அவளைப் பேக்கிங்கிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அங்கே சந்தோஷ்குமார் என்று பொன்னமராவதிக்காரர் ஒருவர், சின்ன வயசு இன்ஜினியர். எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வண்டிக் கம்பெனியிலிருந்து ஒரு பிடி உடைந்து திரும்பி வந்திருந்தது. அதைப் பார்ப்பதற்காக அவர் ஒரு நல்ல பீஸையும், காலையில் அச்சுச் சூடேறுவதற்கு முன்னால் அடித்த கழிவு பீஸையும் எடுத்து, நடுவில் ரம்பத்தால் அறுத்துப் போட்டார்.

"அக்கா, இங்கிட்டு வந்து பாருங்க ரெண்டு பேரும்."

பரிமளாவும் அவளோடு மேஜை வேலை பார்க்கிற அருணாவும் போனார்கள். நல்ல பீஸின் வெட்டு முகம் வாழைத்தண்டை அறுத்தது மாதிரி வழுவழுப்பாக இருந்தது. மற்றது வெளியே அதே பளபளப்பு. உள்ளே பொடிப் பொடியாக ஓட்டைகள். நடுவில் ஒரு ஓட்டைக்குள் கடுகு நுழையும்.

"என்ன சார், ஆப்பம் சுட்டு வச்சிருக்கீங்க" என்றாள் அருணா. "தேங்காப்பால் ஊத்தலையா?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. இதான் ப்ளோ ஹோல். கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள மெட்டல் உள்ள பாயுதுல்ல, அப்ப அச்சுல இருக்குற காத்து வெளிய போக முடியாம உள்ளயே மாட்டிக்கிரும். அச்சு சூடா இருந்து, அழுத்தமும் சரியா இருந்தா கொஞ்சமா மாட்டும். சில்லுன்னு இருந்தா மெட்டல் போற வழியிலயே உறைஞ்சிரும். அப்ப இப்படித்தான்."

"வெளிய ஒண்ணுமே தெரியலையே சார்" என்றாள் பரிமளா.

"தெரியாது. தோல் மட்டும் கெட்டியா இருக்கும். உள்ள இருக்குற ஓட்டைய யாரு பாக்குறது? வண்டி ஒவ்வொரு பள்ளத்துல எறங்கும்போதும் ஒரு ஓட்டையோட ஓரத்துல முடி மாதிரி கீறல் விடும். அடுத்த பள்ளத்துல அது பக்கத்து ஓட்டைக்குப் போகும். இப்படியே ஒண்ணுல இருந்து ஒண்ணு தாவித் தாவி வந்து, ஒருநாள் சமமான ரோட்டுல சும்மா போகும்போது டப்புன்னு விட்டுரும்."

"முன்னாடியே வளையாதா? ஆடாதா?"

"ஒண்ணும் பண்ணாது. உடையுற நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்."

அருணா அதற்குள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். பரிமளா நகரவில்லை.

"சார், அச்சு முழுசாவே சில்லுன்னு இருந்து, முத ஷாட் அடிச்சா?"

"அத ஏன் கேக்குறீங்க. இதவிட மோசமா இருக்கும். அதானே தெனமும் காலையில அடிக்கிற முத ஷாட் எல்லாத்தையும் உலைக்கே திருப்பி அனுப்பிர்றோம்."

அது அந்தக் கம்பெனியில் தெரியாதவர் யாருமில்லை. கூட்டுகிறவர் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் தெரியும். தினமும் காலையில் கண் எதிரே நடப்பதுதான். ஆனால் பூஜை அன்றைக்கு விழுகிற அந்த ஒற்றைப் பீஸை ஒரு ஷாட் என்று யாருமே நினைத்துப் பார்த்ததில்லை. அது சாமி பீஸ். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாராவது யோசிப்பார்களா?

ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், படத்துக்குக் கீழே, இந்த வருஷத்துச் சாமி பீஸ் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. அதற்கு முந்தினது மச்சான் வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது.

பரிமளா அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் அன்றைக்கு இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"எப்ப இருந்து ஓடுது?"

"போன பூஜையில இருந்து சார். தெனமும். மீன் பெட்டிய முன்னாடி ஹேண்டில்ல கட்டி ஓட்டுவாரு."

இன்ஜினியர் நல்ல பீஸ் ஒன்றைத் தேடி எடுத்து, கேட்டில் காட்டக் கையெழுத்துப் போட்ட சீட்டும் கொடுத்தார். "இன்னைக்கே மாத்திருங்கக்கா. பழசை என்கிட்ட கொண்டாந்துருங்க. அறுத்துப் பாக்கணும்."

கம்பெனி வேன் ஊருக்கு வரும்போது வெயில் இறங்கியிருந்தது. வழியில் எதிரே வந்த ஒவ்வொரு மொபெட்டையும் அவள் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மச்சான் வீட்டு வாசலில் வண்டி நிற்பதைக் கண்டதும்தான் மூச்சு வந்தது. அவர் ஈரத்துணியால் பின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன் சீட்டில் மீன் செதில் அப்படியே ஒட்டியிருந்தது.

"வா பரிமளா. சாப்டுட்டுப் போ, நகரை மீன் கொழம்பு கெடக்கு."

"மச்சான், ஹேண்டில் பிடிய மாத்தணும். புதுசு கொண்டாந்திருக்கேன்."

அவர் துணியைப் பிழிந்தார். "நல்லாத்தானே இருக்கு."

அவள் தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள். சில்லென்ற அச்சு, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, ஓட்டை விட்டு ஓட்டை தாவுகிற கீறல். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் பயம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. என்னமோ புரிந்துபோன மாதிரி ஒரு தெளிச்சல் வந்தது.

"அந்தக் காத்து எப்ப உள்ள மாட்டுச்சுங்கற?"

"அந்தப் பீஸ் அடிச்ச அன்னைக்குத்தான். அதுக்கு முந்தின வருஷப் பூஜை."

"அந்தப் பூஜைக்கு நாங்க வந்தோம். மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. பூஜை அன்றைக்கு வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களையும் உள்ளே விடுவார்கள். அக்கா பச்சைப் பட்டுப் புடவையில் வந்திருந்தாள். எல்லாரும் தள்ளி நின்றபோது அவள் மட்டும் மிஷினுக்குக் கிட்டப் போய், "இங்கனயா நீ வேல பாக்குற, அனல் அடிக்குதேடி" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முனியசாமியண்ணன் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் ஷாட் அடித்தார்.

"அச்சு தெறந்து கெடந்துச்சு. அவ அங்கனக்குள்ளதான் நின்னா" என்றார் மச்சான். "அவ விட்ட மூச்சுந்தான் அதுக்குள்ள இருக்கு. நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், இத மாட்டுன அன்னைக்கு இருந்து எப்படி வாரான்னு. வண்டிய எடுத்தா இடப்பக்கமா லேசா சாஞ்சு நிமிரும். அவ ஒருக்களிச்சுத்தான ஏறுவா. எனக்குத் தெரியாதா?"

அது அப்படி இல்லை என்று சொல்லப் பரிமளா வாயைத் திறந்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் கேட்டது. இந்த உலகத்தில் அக்காவின் மூச்சு மிச்சம் இருக்கிற இடம் ஒன்று உண்டென்றால், அது மூடிக் கிடக்கிற அந்தச் சின்னச் சின்ன அறைகள்தான். அவளுக்கே அதைக் கழற்ற மனசு வரவில்லை.

"உடைஞ்சா என்ன ஆகும்னு தெரியும்ல மச்சான்."

"உடையாது. உடைய விடமாட்டா." அவர் பேச்சை முடித்துவிட்டு உள்ளே போனார்.

அன்று வீட்டில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இன்ஜினியர் சொன்னது ஒன்று மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது: சமமான ரோட்டில், சும்மா போகும்போது.

விடிகிற நேரத்தில் மச்சான் வண்டியை வெளியே தள்ளினபோது, பரிமளா அவர் வாசலில் நின்றிருந்தாள். அவர் பெட்டியைக் கட்டி முடித்து, ஏறி உட்கார்ந்து, தலையைத் திருப்பிக் காத்திருந்தார். அவள் நடந்து போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். அக்கா மாதிரியே, ஒருக்களித்து.

வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எறங்கு."

"ஏன்? பீஸ் நல்லாத்தானே இருக்கு. நானும் கோட்டைப்பட்டினம் வாரேன்."

"அது ஒன் எடம் இல்ல. எறங்கு புள்ள."

"உடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்பறம் யாரு உக்காந்தா என்ன?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் வண்டியை விட்டார். தெரு தாண்டி, கண்மாய்க் கரை தாண்டி, பெரிய ரோட்டில் ஏறினார்கள். ஆள் நடமாட்டமே இல்லை. மோட்டாருக்குச் சத்தம் இல்லாததால், ஹேண்டில் பக்கமிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு முனகல் கேட்பது தெளிவாகத் தெரிந்தது. பெட்டிக் கயிறா, பிடியா? பரிமளாவுக்குச் சீட்டின் விளிம்பைப் பிடித்த விரல் மரத்துப்போனது. தான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பது மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை. இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சூடு இருந்தது. நெருக்கிக்கொண்டு இடம் கொடுத்திருக்கிற ஒரு உடம்பின் சூடு. அவள் திரும்பவில்லை. "அக்கா, கொஞ்சம் பொறுத்துக்க" என்று உதட்டுக்குள்ளேயே சொன்னாள்.

வேகத்தடை வந்தது. பழக்கத்தில் அவர் வாய் சொல்லிவிட்டது.

"பிடிச்சுக்க."

பரிமளா அவர் தோளைப் பிடித்தாள்.

அவர் இத்தனை மாசமாகச் சொல்லிவந்த வார்த்தைக்கு முதல் தடவையாக ஒரு கை வந்து தோளில் விழுந்திருக்கிறது. சதையும் எலும்புமாக, கனத்தோடு. விழுந்தால் அடிபடுகிற கை. வண்டி அப்படியும் இப்படியும் அலைந்து, ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. அவர் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, குனிந்து மூச்சு வாங்கினார்.

"இதே மாதிரிதான்" என்றார். "இதே மாதிரிதான் புடிச்சிருந்தா. வளைவு வரைக்கும்."

அவள் கையை எடுக்கவில்லை.

மூச்சு அடங்கியதும் அவர் சொன்னார்: "கழட்டு."

மடியில் கட்டிக் கொண்டுவந்திருந்த எல் கீயை எடுத்து, வெளிச்சம் வரும்வரை காத்திருந்து, அவளே போல்ட்டுகளை இளக்கினாள். அவர் ஹேண்டிலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பீஸ் கழன்று அவள் கைக்கு வந்தது. அதே லேசு. குங்குமம் எண்ணெயில் கலந்து கறுத்துப்போயிருந்தது. போல்ட் ஓட்டையின் ஓரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, பாதி தூரம் போய் நின்றிருந்தது. தலைமுடி ஒன்று ஒட்டியிருக்கிறதென்று நினைத்து அவர் கட்டை விரலால் தேய்த்தார். அது போகவில்லை. மறுபடியும் தேய்த்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"தெரியல மச்சான். யாருக்கும் தெரியாது."

புதுப் பிடியை மாட்டி முடித்ததும் பழசை அவரிடம் நீட்டினாள். வேண்டுமென்றால் அக்கா படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், இன்ஜினியருக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் கையை நீட்டினார். தொடுவதற்கு முன்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம். நீயே கொண்டு போ. வீட்டுல இருந்தா நாளைக்கே திருப்பி மாட்டிருவேன்."

அவர் வண்டியில் ஏறினார். தலையைத் திருப்பவில்லை. கோட்டைப்பட்டினம் பக்கமாக மெதுவாகப் போனார். அடுத்த வேகத்தடையில் வண்டி குலுங்கியது தெரிந்தது. உதடு அசைந்ததா என்று தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. பரிமளா பீஸை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஊருக்கு நடந்தாள்.

வேனில் அன்றைக்குக் கூட்டம் இல்லை. சாப்பாட்டுப் பைக்குள் அது கிடந்தது. அருணா முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து, தன் மாமியாரைப் பற்றி ஏதோ வம்பு சொல்லிக்கொண்டு வந்தாள். பரிமளா கேட்கவில்லை. ரம்பம் தயாராக இருக்கும். அறுத்தால் அந்த அறைகள் எல்லாம் திறந்துகொள்ளும். உள்ளே இருப்பது வெளியே வந்து, கம்பெனிப் புகையோடு கலந்து, கூரையில் சுற்றுகிற காற்றாடி வழியாகத் தைல மரங்களுக்குப் போய்விடும். அறுக்காமல் விட்டால் இன்னொரு ஆத்தா எடுத்து இன்னொரு வண்டியில் மாட்டுவாள். அறுக்கத்தான் வேண்டும். இந்த வருஷத்துப் பீஸையும் அறுக்கச் சொல்ல வேண்டும், எல்லார் முன்னாலும். எப்படி வாய் வரப்போகிறது என்று தெரியவில்லை.

அறந்தாங்கி தாண்டியதும் அவள் பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு தானும் ஜன்னல் பக்கமாக ஒடுங்கிக்கொண்டாள்.

அருணா பேச்சை நிறுத்திப் பார்த்தாள். "ஏன்டி இப்படி சன்னலோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க? அங்கிட்டு அவ்வளவு எடத்த யாருக்கு விட்டு வச்சிருக்க?"

"இருக்கட்டும்" என்றாள் பரிமளா. "கொஞ்ச தூரந்தானே."